கறுப்பு மணலில் ஆடிப் பதினெட்டு

பாலித் தீவுக்குப் போய்ட்டு வந்தேன். அஞ்சு நாள், நாலு ராத்திரி. முதல்லயே சொல்லிடறேன், டிக்கெட்டும் தங்குற இடமும் என் காசு இல்ல. நான் மணலூர்பேட்டையில கட்டட வேலை எடுத்துச் செய்றவ. பதினேழு வருஷம் சித்தாளா தலையில மணல் பாண்டு தூக்கினேன், அப்புறம் கரணை பிடிக்கக் கத்துக்கிட்டேன், இப்ப எட்டு பேரை வச்சு வீடு கட்டித் தரேன். ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரங்க, இத்தனை மூட்டை எடுத்தா இன்ன பரிசுன்னு கடை மூலமா வருஷா வருஷம் குடுப்பாங்க. ஒரு வருஷம் சுவர்க்கடிகாரம் வந்தது. ஒரு வருஷம் குடை, அதுவும் விரிச்சா மூடாது. இந்த வருஷம் வெளிநாட்டு டூர், ரெண்டு பேருக்கு.

எங்க வீட்டுக்காரர் வரமாட்டேன்னுட்டார். ஆத்துத் திருவிழாவுல ராட்டினத்துல ஏறி, அது பாதி மேல போறதுக்குள்ள "நிறுத்துடா"ன்னு கத்தி ஊரையே கூட்டின வீரர் அவர். கீழ நின்னு கை தட்டினவ நான். அதனால அவர் தங்கச்சி அஞ்சலையைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மூங்கில்துறைப்பட்டுல வாக்கப்பட்டவ. அவ புருஷன் ஏகாம்பரம் அண்ணன் கரும்பு மில்லுக்கு டிராக்டர் ஓட்டுறவர்.

அஞ்சலை லேசுல கிளம்பல. ரெண்டு மாசம் முன்னால அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சிருந்தாங்க. அதுல இருந்து அவளுக்கு அவர் மூச்சு விடறதை எண்ணுறது தான் வேலை. காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் மாத்திரை அவ கையால தான். அண்ணனே தான் பிடிச்சுத் தள்ளி அனுப்பினார். "நீ அஞ்சு நாள் போய்ட்டு வா புள்ள, நான் கொஞ்சம் நிம்மதியா டிவி பாத்துக்கினு இருக்கறேன்"னார். அவ போகும்போது பைக்குள்ள புதுத் தாலிக்கயிறு ஒரு கட்டு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், சூடம் எல்லாம் வச்சதை நான் பாத்தேன். ஆடிப் பதினெட்டு நாங்க அங்க இருக்கும்போது தான் வருது. ஊர்ல இருந்தா பெண்ணை ஆத்துல கயிறு மாத்துவா. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாத வருஷத்துல அதை விடக்கூடாதுன்னு அவளுக்கு ஒரே பிடிவாதம்.

இனி போற வழி. மணலூர்பேட்டையில இருந்து கள்ளக்குறிச்சி சுமார் நாப்பது கிலோமீட்டர். டவுன் பஸ், நமக்கு டிக்கெட் இல்ல. ஆம்பளைங்க காசு குடுத்து வாங்க. கள்ளக்குறிச்சியில மத்தியானம் ஒரு மணிக்குக் கம்பெனி வேன். இருநூத்தி நாப்பது கிலோமீட்டர், நடுவுல ஒரு டீயோட ஆறு மணிக்குச் சென்னை ஏர்போர்ட். எங்களை மாதிரி பரிசு வாங்கினவங்க முப்பது பேர் அங்க சேர்ந்தோம். அங்க இருந்து மலேசியாவுக்கு நாலு மணி நேரம், அங்க ஃப்ளைட் மாறி இன்னும் மூணு மணி நேரம். ஃப்ளைட் மேல எழும்பும்போது அஞ்சலை என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் ரெண்டு உடைஞ்சது. சாப்பாட்டுத் தட்டு வந்ததும் விட்டுட்டா.

இறங்கின இடத்துல விசா குத்துறதுக்கு அஞ்சு லட்சம் கேக்கறாங்க. பயப்படாதீங்க, அவங்க ஊரு ரூபாய் அது. நம்ம ரூபாய்க்கு ரெண்டாயிரத்து எழுநூறு சொச்சம். தீவுக்குள்ள போற வரி ஒன்னரை லட்சம், அதாவது எண்ணூறு. போன் சிம் இன்னொரு ஒன்னரை லட்சம். வாழ்க்கையில ஒரு மணி நேரத்துல எட்டு லட்சம் செலவு பண்ணினது அன்னிக்கு தான். நம்ம கடிகாரத்தை விட அங்க ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. அஞ்சலை உடனே விரல் விட்டு எண்ணி, அண்ணனோட பத்து மணி மாத்திரைக்கு இங்க பன்னெண்டரைன்னு அட்டையில எழுதி வச்சுக்கிட்டா.

மூணாம் நாள் தான் எரிமலை. ஓட்டல்ல இருந்து காலையில ஆறு மணிக்கு பஸ், எழுபது கிலோமீட்டர், எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை ஏற ஏற வளைவும் குளிரும் நம்ம வெள்ளிமலைக்குப் போற மாதிரியே இருந்தது. வெள்ளிமலையில நான் ஒரு கட்டடம் கட்டியிருக்கேன், ஒவ்வொரு பாண்டு மணலும் லாரியில அந்த வளைவெல்லாம் ஏறி வரணும், அதனால வளைவுன்னா எனக்கு வண்டி வாடகை தான் ஞாபகம் வரும். மேல போய் எட்டிப் பார்த்தா, ஒரு பெரிய அண்டாவுக்குள்ள இன்னொரு மலையும் ஒரு ஏரியும் உக்காந்திருக்கு. அந்த மலை பேரு பாத்தூர். அது காலடியில இருந்து பாதி தூரத்துக்கு பூமி முழுக்க கறுப்பு. தார் ரோடு கறுப்பு இல்ல. அடுப்புக்குள்ள கை விட்டா ஒட்டுமே, அந்தக் கறுப்பு.

அதுக்குள்ள போக ஜீப் தான். நாலு பேருக்கு ஒரு ஜீப், பத்து லட்சம், நம்ம காசு அஞ்சாயிரத்து முன்னூறு, ரெண்டு மணி நேரம். இதுவும் கம்பெனி கணக்கு. எங்க ஜீப் டிரைவர் பேரு கெத்துட். ஆள் சிரிச்சுக்கிட்டே ஓட்டுறார், மேடு பள்ளத்துல நம்ம குடல் இடம் மாறினா கூட. கம்பெனி டூர் மேனேஜர் சேகர் சார் சென்னைக்காரர், அவர் தான் நடுவுல நின்னு இங்கிலீஷைத் தமிழாக்கினார்.

ஜீப்ல இருந்து இறங்கினதும் நான் குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தேன். தலை அளவு கல்லு, தூக்க ரெண்டு கையும் குடுத்தா அது ஒரு கைக்குக் கூட கனமில்ல. முழுக்க ஓட்டை. நம்ம கல்வராயன் மலைக் கல்லுல உளி வச்சா தீப்பொறி பறக்கும், உளி தான் மழுங்கும். இதை இன்னொரு கல்லால தட்டினா உடைஞ்ச மண்சட்டி சத்தம் வருது. சூளையில தீ ஜாஸ்தியாகி செங்கல் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்குமே, தூக்கித் தூரப் போடுவோமே, அதே தான். ஆனா கண்ணுக்கு எட்டுற வரைக்கும் அதே தான். எவ்வளவு பெரிய சூளை, எவ்வளவு தீ! என்னால நின்ன இடத்தை விட்டு நகர முடியல.

அஞ்சலை வேற ஒண்ணு சொன்னா. "அண்ணி, வெல்லம் காய்ச்சறப்ப பாகு பொங்கி கொப்பரைய தாண்டி வழிஞ்சிடும் பாரு, அடுப்போரம் அப்படியே மடிப்பு மடிப்பா காஞ்சிக்கினு நிக்கும், அது மாதிரியே இருக்குது."

நான் கொத்துக்காரி, அவ கரும்புக்காரி. ரெண்டும் சரி தான். சில இடத்துல சூளைக் கட்டி, சில இடத்துல பாகு மடிப்பு. நடுவுல நடுவுல ஒரு ஆள் உயரத்துக்குப் பிளந்து நிக்குது. அந்தப் பிளவுக்குள்ள கையளவு பச்சைச் செடி ஒண்ணு, மண்ணே இல்லாம முளைச்சிருக்கு. கெத்துட்டோட தாத்தா காலத்துல இந்தப் பாகு ஓடினதாம். அதுக்கும் முந்தி ஓடினதுல பழைய ஊரே அடியில போயிடுச்சாம், ஜனங்க தப்பிச்சு மேல விளிம்புல புது ஊரு கட்டிக்கிட்டாங்களாம்.

"இன்னும் உள்ள சூடு இருக்குதா?"ன்னு சேகர் சாரை விட்டுக் கேக்கச் சொன்னேன்.

கெத்துட் ஒரு பிளவுகிட்ட கூட்டிட்டுப் போய் என் கையைப் பிடிச்சு நீட்ட வச்சார். இட்லிப் பானை மூடியைத் திறந்தா வர்ற மாதிரி ஆவி. அஞ்சலை கையை நீட்டாம தள்ளியே நின்னா. "அவருக்கு வேற இப்படி உடம்பு இருக்கும்போது நான் நெருப்ப தொடமாட்டேன்"னா. "நெருப்ப தொடல, ஆவி பிடிக்கறோம், சளி போயிடும்"னு நான் சொன்னேன். வரல.

போறவங்களுக்கு ஒரு விஷயம்: கண்ணாடி மாதிரி கீறும் அந்தக் கல்லு. செருப்பு போட்டுப் போகாதீங்க, பூட்ஸ் போடுங்க. நான் ரப்பர் செருப்புல போனேன், குதிகால்ல இன்னும் தழும்பு இருக்கு. சேலையை நல்லா தூக்கிச் செருகிக்கோங்க. வேலைக்குப் போற பொம்பளைக்கு அதைச் சொல்லித் தர வேணாம்.

நாலாம் நாள் தான் ஆடிப் பதினெட்டு. அன்னிக்குக் கறுப்பு மணல் கடற்கரை. ஓட்டல்ல இருந்து முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், சபான்னு ஒரு ஊரு. பதினொண்ணே காலுக்கு இறங்கினோம். எரிமலையில இருந்து வந்த கல்லு தான் ஆத்துல உருண்டு, பொடிஞ்சு, கடலுக்கு வந்து மணலாகுதுன்னு பஸ் டிரைவர் சொன்னார். நான் குனிஞ்சு மணலுக்குள்ள விரலை விட்டேன். நேத்து தலை அளவு கையில தூக்கினது, இன்னிக்கு விரல் இடுக்குல.

மணலைப் பாத்தா நான் சும்மா இருக்க மாட்டேன். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில தேய்ச்சேன், கையில தூசி ஒட்டல. வாயில ஒரு துளி வச்சேன், உப்பு. பூச்சுக்கு ஆகாது. ஆனா அழகு! ஈரமா இருக்கிற இடம் எண்ணெய் தேய்ச்ச தோசைக்கல் மாதிரி மின்னுது, உள்ள பொடிப்பொடியா மினுக்குது. அலை வெள்ளையா வந்து அது மேல விரிஞ்சுட்டுத் திரும்பிப் போகும்போது கோலம் போட்டு அழிச்சுட்டுப் போற மாதிரி இருக்கு. வெள்ளை மணல் கடற்கரை எதுவும் இதுக்குக் கிட்ட வராது, நான் எழுதித் தரேன்.

பக்கத்துல ஒரு பங்களா கட்டிக்கிட்டு இருந்தாங்க. பொம்பளைங்க தலையில பாண்டு வச்சுக்கிட்டு வரிசையாப் போறாங்க, தலையில துணியைச் சுருட்டி சும்மாடு. நான் ஓடிப் போய்ப் பாத்தேன். அதே சுருட்டு, அதே நடை. என் வயசு ஒருத்தி நின்னு என்னைப் பாத்தா. பேரு மடே. நான் என் தலையைத் தொட்டு, நானும் தூக்குறவ தான்னு கையால சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, விரல் மூட்டுல இருந்த சிமெண்ட் வெடிப்பைத் தடவிட்டு, தன் கையைக் காட்டினா. அதுக்கு மேல எங்களுக்குப் பாஷை தேவைப்படல.

இப்ப அந்தத் தப்பைச் சொல்றேன்.

நம்ம ஆத்துல கயிறு மாத்துறது எப்படின்னு பொம்பளைங்களுக்குத் தெரியும். முதல்ல மஞ்சள் கிழங்கு கட்டின கயிறு ஒண்ணைக் கழுத்துல போட்டுக்கணும், கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது. அப்புறம் பழைய கயித்துல இருந்து தாலியையும் ரெண்டு தங்கக் குண்டையும் உருவிப் புதுசுல கோத்துக் கட்டணும். அஞ்சலை செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு அடி வச்சா, கத்திக்கிட்டே திரும்பி வந்து செருப்புல ஏறினா. கறுப்பு மணல் வெயில்ல அடுப்பு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "தீமிதிக்கு காப்பு கட்டலயே நீ"ன்னேன். அப்புறம் ஈர மணலா பாத்து அலை எட்டாத இடத்துல உக்காந்தோம். கரையில கிடந்த ஒரு தேங்காய் மூடியில சூடம் ஏத்தினா காத்துல அணையுது. நான் தான் சொன்னேன், "கடலுக்கு முதுக காட்டி உக்காருடி, நம்ம ரெண்டு பேரு முதுகும் காத்த தடுக்கும்"னு.

பெண்ணை ஆத்துல பாதி வருஷம் தண்ணியே இருக்காது, ஊத்து தோண்டித் தான் பூஜை பண்ணுவோம். தண்ணி பின்னால இருந்து எழுந்து வரும்னு எங்க ரெண்டு பேர் புத்தியிலயும் இல்ல. சூடம் எரிஞ்சது. அஞ்சலை பழைய கயித்தை அறுத்து, தாலியும் குண்டும் உள்ளங்கையில, புதுக் கயித்து முனையை எச்சில் தொட்டு முறுக்கிக்கிட்டு இருந்தா. அப்ப வந்தது ஒரு அலை, இடுப்பு உயரத்துக்கு. நான் குப்புற விழுந்தேன். அவ உருண்டா. எழுந்திருச்சுப் பாத்தா அவ உள்ளங்கை விரிஞ்சு கிடக்கு, அதுல கறுப்பு மணல் மட்டும்.

அவ கையைப் பாத்தா, கழுத்தைத் தடவினா, கிழங்குக் கயிறு மட்டும் இருந்தது. அப்புறம் சொன்னா, "அண்ணி, அவருக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

"ஒண்ணும் ஆவல. வாய மூடு. எழுந்திருக்காத, அசையாத"ன்னேன். சிரிக்கிற வாய் எனக்கு அன்னிக்கு ஒட்டிக்கிச்சு. உக்காரச் சொன்னவ நான் தானே.

காணாமப் போன ஆணியைத் தேடாத கொத்துக்காரி கிடையாது. சூடம் ஏத்தின தேங்காய் மூடி அதே இடத்துல பதிஞ்சு கிடந்தது, அதை நடுவுல வச்சு நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு முழம் அளந்து செருப்பையும் கட்டையையும் நட்டேன். உள்ள யாரும் கால் வைக்கக் கூடாதுன்னேன். பளிச்சுன்னு தெரியும்னு நினைப்பீங்க, கறுப்புல மஞ்சள். தெரியாது. அந்த மணலே மினுக்குது, ஒவ்வொரு மினுக்கும் தங்கம் மாதிரி ஏமாத்துது. சல்லடை வேணும். மடேகிட்ட ஓடினேன். கழுத்தைத் தொட்டு, மணலைக் காட்டி, கண்ணைத் துடைச்சுக் காட்டினேன். அவ பாண்டை அங்கயே கவுத்துப் போட்டுட்டு, மணல் சலிக்கிற வலைச் சட்டத்தைத் தலையில வச்சுக்கிட்டு வந்தா. கூட ரெண்டு பேர் வாளியோட வந்தாங்க. அவங்க கையிலயும் சிவப்பு, வெள்ளை, கறுப்புன்னு முறுக்கின சாமிக் கயிறு. கயிறுன்னா என்னன்னு அவங்களுக்குச் சொல்ல வேண்டி வரல.

ஈர மணல் சல்லடையில இறங்காது. அதனால ஒரு ஆள் மணலை அள்ளிப் போட, ஒரு ஆள் கடல் தண்ணியை ஊத்த, நானும் மடேயும் ரெண்டு பக்கம் பிடிச்சு ஆட்டினோம். கிளிஞ்சல், கல்லு, ஒரு பாட்டில் மூடி. மேல் மணலை விரல் ஆழத்துக்கு வழிச்சு, ஓரத்துல இருந்து வரிசையா. சேகர் சார் வந்து வாட்சைப் பாத்தார். "அக்கா, முப்பது பேரு சாப்பாட்டுக்கு வெயிட்டிங்"னார். "சட்டையை கழட்டிட்டு வாளி தூக்குங்க, சீக்கிரம் முடியும்"னேன். நல்ல மனுஷன், பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிட்டு வந்து தூக்கினார்.

இருபது நிமிஷத்துல ஒரு குண்டு வலையில வந்து உக்காந்தது. அஞ்சலை அதைப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டா, கையை நம்பாம. இன்னும் பத்து நிமிஷத்துல ரெண்டாவது. தாலி வரல. கடல் ஏறிக்கிட்டே வந்தது. நான் நட்ட கட்டையில ரெண்டு, அலையோட போயிடுச்சு.

அப்ப தான் போன் அடிச்சது. பன்னெண்டே முக்கால். ஊர்ல பத்தே கால். வீடியோ. ஏகாம்பரம் அண்ணன்.

அஞ்சலை எடுக்கல. போனை என் கையில திணிச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் எடுத்து, கடலைக் காட்டினேன்.

"தங்கச்சி, எங்க அவ? பத்து ஆவுது, திட்டு வரலயேன்னு பாத்தேன்."

"கடல பாருங்கண்ணே, எவ்ளோ கறுப்பு மணலு."

"மணல நான் லோடு லோடா பாத்துக்கினு தான் இருக்கறேன். அவ எங்க? புது கயிறு கட்டினாளா? கழுத்த காட்ட சொல்லு."

பொய் ஒண்ணு சொல்லலாம்னு நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை திரும்பி, குண்டு ரெண்டையும் வாயில இருந்து எடுத்துட்டு, போனை வாங்கினா. "கடல் தாலிய எடுத்துக்கிச்சுங்க, குண்டு ரெண்டு தான் மிச்சம்"னா. அப்ப தான் அழுகை வந்தது அவளுக்கு.

நான் படத்தை எட்டிப் பாத்தேன். அண்ணன் டம்ளரைக் கீழ வச்சார்.

"இப்ப இன்னா? தாலி தானே போச்சு? நான் இருக்கறேன் இல்ல? தோ பாரு, டீ குடிச்சிக்கினு இருக்கறேன். சக்கரை இல்லாத டீ. அதுக்கு வேணா அழு."

"விளையாடாதீங்க."

"விளையாடல புள்ள. அன்னிக்கி எனக்கு நெஞ்சு வலிச்சப்போ தாலி உன் கழுத்துல தானே இருந்திச்சு? அதுவா ரோட்டுல ஓடிச்சு? நீ தான் நைட்டியோட ரோட்டுக்கு நடுவுல நின்னு வர்ற கார மறிச்சே. தாலி மறிக்கல. நீ மறிச்சே." அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, குண்டு ரெண்டு இருக்குது இல்ல? கிழங்க நடுவுல வச்சி கோத்து நீயே கட்டிவுடு. நான் இங்க இருந்து பாக்கறேன்."

பையில இருந்த கயித்துக் கட்டுல இன்னொண்ணு இருந்தது. நான் கிழங்கை நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டாக் கோத்தேன். சேகர் சார் போனைத் தூக்கிப் பிடிச்சார். அஞ்சலை கழுத்துக்கிட்ட கொண்டு போனேன், அவ என் கையைப் பிடிச்சு நிறுத்தினா.

"பத்து மணி மாத்திர போட்டீங்களா?"

"இல்ல. நீ சொல்லல இல்ல."

"போடுங்க முதல்ல. நான் பாக்கணும்."

அவர் எழுந்து போய் மாத்திரை எடுத்துட்டு வந்து, நாக்குல வச்சுக் காட்டி, தண்ணி குடிச்சு, வாயைத் திறந்தும் காட்டினார். அதுக்கப்புறம் தான் அவ தலை குனிஞ்சா. நான் மூணு முடிச்சு போட்டேன். மடே தன் கூந்தல்ல இருந்த மஞ்சள் பூவை எடுத்து அஞ்சலை காதுல செருகினா. பஸ்ல இருந்து இறங்கி வந்து வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்த கடலூர் மேஸ்திரி ஒருத்தர் கை தட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. சாப்பாடு ஆறிப் போயிருந்தது, ஒருத்தரும் முணுமுணுக்கல.

கிளம்புறதுக்கு முன்னால மடேயோட பாண்டை ஒரு நடை நான் தூக்கிட்டுப் போய்க் கொட்டினேன். சொல்றேன் கேளுங்க, அந்தக் கறுப்பு மணல் நம்ம ஆத்து மணலை விட ஜாஸ்தி கனம். கழுத்து நரம்பு தெறிச்சது. மடே சிரிச்ச சிரிப்பு! மீதி இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் அவகிட்ட குடுத்துட்டு வந்தேன்.

நிறைய பேரு கேக்கறாங்க, போகலாமா, அங்க என்ன இருக்குன்னு. கண்டிப்பா போங்க. பாதி வயசு வரைக்கும் கல்லுலயும் மணல்லயும் கிடந்த எனக்கே, கல்லும் மணலும் எங்க இருந்து வருதுன்னு அங்க போய்த் தான் தெரிஞ்சது. பாஸ்போர்ட்டுக்கு ஆயிரத்து ஐநூறு கட்டி இப்பவே எழுதிப் போடுங்க, வர நாளாகும். ஆடி ஆவணி மழை இல்லாத மாசம், ஆனா எரிமலைப் பக்கம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. சைவம் சாப்பிடறவங்க ஊறுகாய் இல்லாமப் போகாதீங்க. கறுப்பு மணலுக்குக் காலையில ஒன்பதுக்குள்ள போயிடுங்க, அதுக்கு மேல கால் வெந்துடும். குளிக்கிற கடல் இல்ல அது, இழுக்கிற கடல். எவ்வளவு தள்ளி நின்னாலும் அதுக்கு முதுகைக் காட்டாதீங்க. ஆடிப் பதினெட்டு அங்க வந்தா, கயிறை ஓட்டல் ரூம்ல கதவைச் சாத்திட்டு மாத்துங்க, சாமி ஒண்ணும் சொல்லாது. அப்புறம், கல்லு மணல் எதையும் பையில போட்டுக்கிட்டு வரக்கூடாதுன்னு சேகர் சார் கண்டிச்சுச் சொன்னார், நாங்களும் ஒரு பொட்டு எடுத்து வரல.

அப்படித் தான் நினைச்சேன். வந்த வாரமே புதுத் தாலி செய்ய கள்ளக்குறிச்சியில ஆசாரிகிட்ட போனோம். அண்ணனும் வந்தார், படி ஏறி, மூச்சு வாங்காம. ஆசாரி பழைய குண்டு ரெண்டையும் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தார். குண்டுன்னா உள்ள கூடு தானே, கயிறு கோக்கிற வளையம் மேல, அடியில ஒரு சின்ன ஓட்டை.

"இன்னாமா, உள்ள கறுப்பா கொரகொரன்னு இருக்குது? ஊதி எடுத்துட்டு பாலீஷ் போடட்டா?"

அண்ணன் அஞ்சலையைப் பாத்தார். அஞ்சலை கையை நீட்டி குண்டை வாங்கிக்கிட்டா.

"வேணாங்க. அந்த ஓட்டைய மெழுகு வச்சி அடைச்சி குடுத்துடுங்க."